இனிப்பு வந்தது... குளிர்காலம் வரவில்லை!

"ஊருக்குப் போயிட்டு வந்தியே, என்ன வாங்கிட்டு வந்தே?"

இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு நம் பக்கத்தில் உண்டா? திருநெல்வேலிக்குப் போனால் அல்வா, மணப்பாறைக்குப் போனால் முறுக்கு, கோவில்பட்டி வழியாக வந்தால் கடலை மிட்டாய். வெறுங்கையோடு வாசற்படி ஏறினால் நமக்கே ஒரு மாதிரி இருக்கும். நாம் ருசித்ததில் ஒரு துளியாவது வீட்டில் இருப்பவர்கள் நாக்கிலும் பட வேண்டாமா?

நல்ல ஆசைதான். ஆனால் அந்த ஆசையால் ஒரு வருஷம் என் தங்கை வீட்டில் பொங்கல் பானையே ஏறவில்லை. சொல்லிக் கொள்ளப் பெருமையான விஷயம் இல்லை. ஆனாலும் சின்னக் குழந்தைகளை வைத்திருக்கும் சகோதரிகள் யாராவது இதைப் படித்து ஜாக்கிரதையாக இருந்தால் போதும் என்று எழுதுகிறேன்.

என் நாத்தனார் இருப்பது கொல்கத்தாவில். எங்கள் வாயில் அது இன்னும் கல்கத்தாதான். லேக் மார்க்கெட் பக்கத்தில் வீடு. அந்தப் பகுதியில் நம்மவர்கள் ரொம்ப காலமாகக் குடியிருக்கிறார்கள். வாழை இலை, முருங்கைக்காய், காப்பிப் பொடி எல்லாம் கிடைக்கும். 2020 ஜனவரி முதல் வாரம், நானும் என் வீட்டுக்காரரும் முதல் முறையாக அங்கே போயிருந்தோம்.

அடேயப்பா, என்ன குளிர்! நம் ஊர் மார்கழியை எல்லாம் குளிர் என்று சொல்லவே கூடாது. காது மூடிய கம்பளிக் குல்லாவும் சால்வையுமாகத்தான் ஜனங்கள் தெருவில் நடக்கிறார்கள். அந்தக் குளிரில்தான் அங்கே இனிப்புக் கடைகளுக்குக் கொண்டாட்டம். கார்த்திகை பிறந்து மாசி வரைக்கும் 'நொலேன் குர்' என்ற புது வெல்லம் வரும். ஈச்ச மரத்துச் சாற்றைக் காய்ச்சி எடுக்கிற வெல்லம் அது. அதைச் சேர்த்துச் செய்த சந்தேஷ் இளம் பழுப்பு நிறத்தில், வாயில் போட்டால் கரைகிறது. புகை வாசனையும் பால் வாசனையும் கலந்து வரும்.

எனக்குக் கை நிற்குமா? கிளம்புகிற அன்று காலை நாலு பெட்டி சந்தேஷ் வாங்கினேன். நாத்தனார் அப்போதே சொன்னாள்: "அண்ணி, இது சீக்கிரம் கெட்டுப் போயிரும். டப்பாவில் அடைச்ச ரசகுல்லா வாங்கிக்கோங்க."

"இந்தக் குளிர்ல எது கெடும்? ஐஸ் பெட்டிக்குள்ள இருக்கிற மாதிரியில்ல இருக்கு ஊரு!" என்று சிரித்தேன்.

நாலாம் நாள் சாயங்காலம்

கணக்கைப் பாருங்கள். முதல் நாள் காலை வாங்கியது. அன்று இரவு ரயில் ஏறினோம். மறுநாள் பகல் பூராவும் ரயில். ஒரிஸ்ஸா தாண்டி ஆந்திரா வந்ததும் சால்வையைக் கழற்றினேன். மதியம் மின்விசிறி போடச் சொன்னேன். என் உடம்புக்குத் தெரிந்தது; பெர்த்துக்கு அடியில் இருந்த சந்தேஷுக்கும் அதே வெயில்தானே என்று என் புத்திக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை சென்னை. தாம்பரம் வீட்டுக்கு வந்து துணி துவைக்கிற அவசரத்தில், மதியம்தான் பெட்டிகளை ஃபிரிட்ஜில் வைத்தேன். ஒன்றைத் தின்றும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலமே முத்துநகர் எக்ஸ்பிரஸ். நாலாம் நாள் காலை தூத்துக்குடியில் தங்கை வீடு. அம்மாவும் அங்கேதான் இருக்கிறாள்.

அன்று போகி. சாயங்காலம் தங்கை வாசலில் மறுநாள் கோலத்துக்குச் சாணி தெளித்துக் கொண்டிருந்தாள். அவள் மகனுக்கு அப்போது நாலு வயது. "பெரியம்மா, இன்னொண்ணு" என்று கேட்கக் கேட்க, மூன்று சந்தேஷ் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன். என் கையால் கொடுத்தேன்.

ஒன்பது மணிக்கு முதல் வாந்தி. பத்து மணிக்குள் நாலு முறை. பிறகு வயிற்றுப்போக்கும் சேர்ந்து கொண்டது. பிள்ளை துவண்டு போனான். நாக்கு வறண்டு, அழுதால் கண்ணீர் வரவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். விடிய விடிய சலைன் ஏறியது. ஊரெல்லாம் குலவைச் சத்தமும் கரும்புமாக இருக்க, நாங்கள் மூன்று பேரும் அவன் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அந்தப் பொங்கலுக்குத் தங்கை வீட்டில் அடுப்பு பற்ற வைக்கவில்லை.

டாக்டரம்மா என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். சொன்னேன். "பாலைத் திரித்துச் செய்கிற இனிப்பு. வெதுவெதுப்பில் கிடந்தால் கிருமி பெருகி விஷத்தை விட்டு வைக்கும். வாசனையும் ருசியும் மாறாமல்கூட இருக்கும். அந்த விஷம் சுட வைத்தாலும் போகாது. நீங்கள் தின்ற ஒன்றில் இல்லாதது இதில் இருந்திருக்கலாம். அதற்கப்புறம் இன்னும் ஒன்றரை நாள் ஆகியிருக்கிறதே. பெரியவங்க தாங்கிடுவாங்க, சின்ன உடம்பு தாங்காது" என்றார்.

பொங்கலுக்கு மறுநாள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். தங்கை அப்போதுதான் வாய் திறந்தாள்.

"பேர் பெத்த ஸ்வீட்டுன்னு நீ கொண்டு வந்தது என் பிள்ளையைக் கொண்டு போகப் பாத்துச்சே அக்கா!"

ஒரே ஒரு வாக்கியம். அதற்குமேல் அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு கொரோனா வந்து ஊரடங்கு ஆகி, போக்குவரத்தும் நின்றது. மறுபடி போக ஆரம்பித்தபோது நான் எது கொண்டு போனாலும் "அங்க வை அக்கா" என்பாள். மேசையில் வைத்த பொட்டலம் பிரிக்காமலே இருக்கும். நான் ஊர் திரும்பிய பிறகு அது தெருவில் யாருக்கோ போகும் என்று அம்மா போனில் சொல்லுவாள். ஆப்பிள் வாங்கிப் போனால்கூட அதே கதிதான். அவள் மேல் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு ராத்திரி நின்ற தாய்க்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

மாஷிமாவின் பாடம்

2024 டிசம்பர் கடைசியில் நாத்தனார் வீட்டில் ஒரு விசேஷம். மறுபடி கல்கத்தா. இந்தத் தடவை ஒன்றும் வாங்குவதில்லை என்று சபதம் செய்து கொண்டுதான் போனேன்.

நாத்தனார் வீட்டுக்கு எதிர்வீட்டில் எழுபது வயது வங்காளி அம்மா ஒருத்தர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் 'மாஷிமா', அதாவது பெரியம்மா, சித்தி மாதிரி. நான் எதையும் வாங்காமல் திரும்பப் போகிறேன் என்று நாத்தனார் சொன்னதும் அவருக்குப் பொறுக்கவில்லை. காரணத்தைக் கேட்டார். நாத்தனார் வங்காளியில் சொல்லச் சொல்ல, தலையில் அடித்துக் கொண்டார். பிறகு என் கையைப் பிடித்துக் கொண்டு ஏதோ சொன்னார். நாத்தனார் தமிழில் சொன்னாள்: "சந்தேஷ் இன்னிக்கு வாங்கி இன்னிக்குத் தின்கிற சாமான். உன் கூட ரயிலில் இனிப்பு வரும். எங்க ஊர்க் குளிர்காலம் வருமா?"

ஐந்து வருஷமாக எனக்குப் புரியாமல் இருந்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டார்! கல்கத்தாவில் குளிர்காலம், சரி. தூத்துக்குடியில் ஏது குளிர்காலம்?

மறுநாள் மாஷிமாவே எங்களைக் கடைக்குக் கூட்டிக் கொண்டு போனார். அவர் சொல்லிக் கொடுத்ததையும் நான் பட்டுத் தெரிந்து கொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். வடக்கே போகிறவர்களுக்கு உதவும்.

*அங்கேயே சாப்பிட வேண்டியவை:* மிருதுவான சந்தேஷ், ரசமலாய், மண்சட்டித் தயிரான மிஷ்டி தோய், சில்லறையாக விற்கும் ரசகுல்லா. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட குறிப்பிலேயே இந்த மாதிரி வங்காள இனிப்புகளுக்கு 2 நாள்தான் ஆயுசு என்று இருக்கிறது. அதுவும் குளிர்ச்சியில் வைத்தால். 2020 அக்டோபர் 1 முதல், தட்டில் வைத்துச் சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என்ற விதி வந்தது. கேட்கக் கூச்சப்படாதீர்கள். 'கடாபாக்' என்று இறுகக் கிளறிய சந்தேஷ் ஒன்று உண்டு. அது கொஞ்சம் தாங்கும். ஆனாலும் நம் ஊர் தூரத்துக்கு வேண்டாம்.

*சில நாள் தாங்குபவை:* ஜெய்நகர் மோயா. கனக்சூர் என்ற வாசனை நெல்லைப் பொரித்து, நொலேன் குர் பாகிலும் நெய்யிலும் பிசைந்து, முந்திரி, திராட்சை வைத்து உருட்டுகிறார்கள். நம் கார்த்திகைப் பொரி உருண்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக் கொள்ளுங்களேன்! 2015இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஊருக்கு வந்ததும் உடனே காலி செய்துவிட வேண்டும்.

*தைரியமாகக் கொண்டு வரக்கூடியவை:* டப்பாவில் அடைத்த ரசகுல்லா. 1868இல் பாக்பஜாரில் நோபின் சந்திர தாஸ் என்பவர் ரசகுல்லா செய்ததாக வங்காளிகள் பெருமையாகச் சொல்வார்கள். அவர் மகன் கே.சி. தாஸ் காலத்தில், 1930இல், அதை டப்பாவில் அடைக்க ஆரம்பித்தார்கள். அதனால்தான் அது ஊர் ஊராகப் போக முடிந்தது. டப்பா உப்பியிருந்தாலோ நசுங்கியிருந்தாலோ வாங்கக் கூடாது. அப்புறம் டார்ஜிலிங் தேயிலை. நம் நாட்டில் முதன் முதலில் புவிசார் குறியீடு பெற்ற பொருள் அதுதான். மசாலா பொருள்களோடு ஒரே பையில் வைத்தால் தேயிலை அந்த வாசனையைக் குடித்துவிடும், தனியாகக் கட்டுங்கள். கோவிந்தபோக் அரிசி நம் சீரகச் சம்பா மாதிரி பொடி அரிசி, பாயசத்துக்கு ராஜா.

1874இல் திறந்த நியூ மார்க்கெட்டுக்குள் நாஹும் என்ற யூதர் குடும்பத்து பேக்கரி இருக்கிறது. 1902இல் ஆரம்பித்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே பழக் கேக்குக்கு நிற்கிற வரிசையைப் பார்த்தால் ரேஷன் கடை ஞாபகம் வரும். பழக் கேக் நன்றாகப் பிரயாணம் தாங்கும். அதே மார்க்கெட்டில் பேண்டல் சீஸ் என்று வடை மாதிரி சின்னச் சின்ன வட்டமாக விற்கிறார்கள். ஹூக்ளி பக்கம் வந்த போர்ச்சுகீசியர்கள் விட்டுப் போன பழக்கமாம். உப்பு தூக்கலாக இருக்கும். தண்ணீரில் ஊற வைத்துத்தான் சாப்பிட வேண்டும். கசுந்தி என்ற கடுகுச் சாந்து பாட்டிலில் கிடைக்கிறது. மூக்கில் ஏறும் காரம். மூடியைச் சுற்றி பிளாஸ்டிக் தாள் வைத்து ரப்பர் பாண்டு போடாவிட்டால் புடவை எல்லாம் மஞ்சள்தான்.

இத்தனையும் பார்த்தேன். ஆனால் என் மனசு வேறு ஒன்றில் போய் நின்றது.

ஈச்ச மரத்தடியில் எங்கள் தாத்தா

மார்க்கெட் நடைபாதையில் கிராமத்து ஆள் ஒருவர் கூடையில் பழுப்பு நிறக் கட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். 'பாட்டாலி' என்றார் மாஷிமா. நொலேன் குரைப் பாகாக விற்காமல் இறுக்கி வார்த்த கட்டி. ஒரு துண்டு உடைத்து என் வாயில் போட்டார். சகோதரிகளே, நான் அழுதே விட்டேன்.

எங்கள் அம்மா திருச்செந்தூர்ப் பக்கத்துக் கிராமம். தாத்தா பனையேறி. பதநீர் காய்ச்சும் விடிலியில்தான் அம்மா வளர்ந்தாள். அந்தக் கட்டியில் இருந்தது எங்கள் கருப்பட்டி வாசனை இல்லை. ஆனால் அதோடு கூடப் பிறந்த வாசனை.

என் முகத்தைப் பார்த்த நாத்தனார், இரண்டு நாள் கழித்து சியால்தாவிலிருந்து உள்ளூர் ரயிலில் ஜெய்நகர்ப் பக்கம் கூட்டிப் போனாள். விடியும் முன்பே கிளம்பினோம். பனி மூட்டத்தில் வயல் வரப்பு ஓரமாக ஈச்ச மரங்கள். பனையை விடக் குட்டை. பாளையைச் சீவாமல், மரத்தின் கழுத்துப் பக்கத்தில் பட்டையைச் சீவி, மூங்கில் குச்சி செருகிக் கலயத்தைக் கட்டியிருக்கிறார்கள். இராத்திரி முழுக்கச் சொட்டும் சாற்றை வெயில் ஏறும் முன் இறக்கி, அகலமான தட்டில் காய்ச்சுகிறார்கள். மரத்தைத் தினமும் சீவுவதில்லை. சில நாள் ஓய்வு கொடுத்து, முதல் இரவு இறங்கும் சாறுதான் உசத்தியாம். சாறு இறக்குகிறவரை 'ஷியூலி' என்கிறார்கள். இடுப்பில் கயிறும் அரிவாளுமாக அவர் மரத்தில் நின்றதைப் பார்த்தபோது, போட்டோவில் மட்டும் பார்த்த என் தாத்தாவை நேரில் பார்த்த மாதிரி இருந்தது.

கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவீர்களா என்று கேட்டேன். நம் ஊரில் பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்க அதைத்தானே செய்வோம்? இல்லை என்றார். குளிர்தான் அவர்களுக்குச் சுண்ணாம்பு! குளிர் குறைந்தால் சாறு புளித்துவிடும், வாசனையும் போய்விடும். அதனால்தான் இது குளிர்காலத்துக்கு மட்டும்.

ஆனால் காய்ச்சி இறுக்கிவிட்டால், அது பிரயாணத்துக்குத் தயார். ஈரம் போய்விடுகிறது இல்லையா? வங்காளத்துக் குளிர்காலத்தைக் கட்டி கட்டி எடுத்துப் போக முடியும் என்றால், அது இந்த ஒரு உருவத்தில்தான். இதை அம்மாவுக்குக் கொண்டு போயே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். தங்கை மேசையில் பிரிக்காமல் கிடந்தாலும் சரி.

பார்த்து வாங்குங்கள்

பாட்டாலியில் சீனி கலந்து ஏமாற்றுவது உண்டு. விலை ரொம்ப மலிவாக இருந்தாலே உஷாராக வேண்டும். நல்ல கட்டி நகத்தால் கீறினால் உதிரும். சீனி கலந்தது கல் மாதிரி இருக்கும்; உடைத்த இடத்தில் படிகமாக மினுக்கும். நாக்கில் உப்புக் கரித்தாலும், தீய்ந்த கசப்பு தட்டினாலும் வேண்டாம்.

பாகாக இருப்பதைப் பானையில் வாங்காதீர்கள். ஒழுகும், நம் ஊர்ச் சூட்டில் பொங்கிப் புளிக்கும். கட்டியைத்தான் நான் வாங்கினேன். முதலில் வெண்ணெய்த் தாள், அதற்கு மேல் செய்தித்தாள், அதையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, பையின் நடுவில் துணிகளுக்கு இடையே வைத்தேன். டப்பா மூடியில் காய்ச்சிய தேதியையும் வாங்கிய தேதியையும் எழுதி ஒட்டினேன். வீட்டுக்கு வந்ததும் டப்பாவோடு ஃபிரிட்ஜில் வைத்தால் மாதக் கணக்கில் இருக்கும். வெளியே வைத்தால் நம் கடற்கரைக் காற்றுக்கு இளகிப் பூசணம் பிடித்துவிடும்.

மறுபடியும் ஒரு போகி

2025 ஜனவரி 13, போகி. அதே வீடு, அதே வாசல், அதே நான். தங்கை மகனுக்கு ஒன்பது வயதாகிவிட்டது. "அங்க வை அக்கா" என்று அவள் சொல்வதற்கு முன்னால் நானே சொன்னேன்: "இதைப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லலைம்மா. அம்மா மோந்து பாக்கட்டும்னு கொண்டாந்தேன். எப்ப காய்ச்சினது, எப்ப வாங்கினதுன்னு மேல எழுதியிருக்கு."

தங்கை அந்தச் சீட்டை வாசித்தாள். ஒன்றும் பேசவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறாள். இந்த ஒரு வருஷமாகச் சாப்பாட்டில் பிடிப்பு இல்லாமல், எல்லாவற்றையும் "வேண்டாம் தாயி" என்று தள்ளிக் கொண்டிருந்தாள். அவள் கையில் கட்டியைக் கொடுத்தேன். மூக்கருகே கொண்டு போனாள். கண்ணை மூடிக் கொண்டாள்.

"ஏட்டி, இது நம்ம சரக்கு இல்லியே. ஆனா விடிலி வாடை அடிக்கே!" என்றாள்.

பிறகு பேச ஆரம்பித்தாள் பாருங்கள்! தாச்சியில் பதநீர் பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு அடக்குவது, கூப்பனிப் பதம் பார்ப்பது, சிரட்டையை வரிசையாக மணலில் பதித்து வார்ப்பது, வார்த்தது ஆறுவதற்குள் விரலை விட்டு நக்கித் தாத்தாவிடம் அடி வாங்கியது... என் தங்கை மகன் வாயைப் பிளந்து கொண்டு கேட்டான். கடைசியில், "பெரியம்மா, எனக்கு?" என்று கை நீட்டினான்.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. நான் தங்கையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கட்டியை வாங்கி, ஓரத்தை உடைத்துத் தன் வாயில் போட்டுக் கொண்டாள். மெதுவாகச் சப்பினாள். பிறகு ஒரு சின்னத் துண்டு உடைத்து மகன் கையில் வைத்தாள்.

"மெதுவா தின்னுலே" என்றாள். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்குப் பொங்கல் பானையில இதைப் போடலாமா அக்கா?" என்று கேட்டாள்.

அம்மாதான் தீர்ப்புச் சொன்னாள். "பானையில நம்ம ஊருச் சரக்குதான் போடணும். இதுக்குத் தனியா ஒரு பாயசம் வைங்க, தெரியுதா?"

வைத்தோம். 1 லிட்டர் பாலுக்கு 50 கிராம் கோவிந்தபோக் அரிசி. அரிசியைக் கழுவி வடித்து ஒரு ஸ்பூன் நெய்யில் பிசறி வைக்க வேண்டும். பாலைச் சுண்டக் காய்ச்சி, ஒரு பிரிஞ்சி இலையோடு அரிசியைப் போட்டுக் குழைய வேக விட வேண்டும். அடுப்பை அணைத்துவிடுங்கள். பத்து நிமிஷம் ஆறிய பிறகுதான் உதிர்த்த 150 கிராம் பாட்டாலியைச் சேர்த்துக் கிளற வேண்டும். கொதிக்கிற பாலில் வெல்லத்தைப் போட்டால் திரிந்துவிடும். சீரகச் சம்பாவிலும் செய்யலாம். ஏலக்காய் வேண்டாம், வெல்லத்தின் வாசனையை அமுக்கிவிடும்.

அம்மாவுக்கு இரண்டு ஸ்பூன் மட்டும் கொடுத்தோம். 'வெல்லம்தானே, சீனி இல்லையே' என்று நினைக்கிறவர்கள் நிறைய பேர். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் வெல்லம், கருப்பட்டி, பாட்டாலி எதுவும் சீனிக்குச் சளைத்ததில்லை. அதே மாதிரி, இரண்டு வயது ஆகாத குழந்தைக்குச் சீனியோ வெல்லமோ சேர்க்க வேண்டாம் என்றுதான் குழந்தை டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆசைக்கு ஒரு வாய் என்று நாம்தான் பழக்கி விடுகிறோம்.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. குழந்தைக்கு வாந்தி, பேதி என்றால் உடனே ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பூனில் புகட்ட ஆரம்பியுங்கள். பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அது கைவசம் இல்லை என்றால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குழந்தை துவண்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, எதுவும் உள்ளே தங்கவில்லை என்றாலோ காத்திருக்காதீர்கள், ஆஸ்பத்திரிதான். அன்று இரவு முதல் வாந்திக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கைமருந்து தேடிக் கொண்டிருந்தோம். வீட்டில் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லை. இப்போது என் வீட்டிலும் தங்கை வீட்டிலும் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

காணும் பொங்கல் அன்று நான் ஊருக்குக் கிளம்பினேன். தங்கை ஒரு ஓலைப் பெட்டியைக் கொண்டு வந்து என் பையில் வைத்தாள். உள்ளே சிரட்டை வடிவத்தில் ஆறு கருப்பட்டி.

"அந்த கல்கத்தாக்காரம்மாவுக்கு அனுப்பி வை அக்கா. நம்ம சரக்கையும் தின்னு பாக்கட்டும்" என்றாள்.

ரயிலில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூடியின் உள்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. தங்கையின் கையெழுத்து: 'போன வருஷம் ஆனி மாதம் காய்ச்சியது. ஈரம் படாமல் வைக்கவும்.'